பாறையைப் பார்த்த அடுப்படி

பார்டி வீட்டைப் பற்றி ட்ரிஃபீனாவுக்கு ஒரே ஒரு குறைதான். வீடு திரும்பி நின்றது.

கொஞ்சம் கோணலாக நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். அது அடியோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிரே பாறை, கையை நீட்டினால் எட்டும். கடல், படகுத்துறை, மீன் மேடை, போகிறவர், வருகிறவர் எல்லாம் வீட்டின் மறுபக்கம், முன்னறை ஜன்னலுக்கு நேரே. முன்னறையில் யார் உட்காருகிறார்கள்? அதைப் பூட்டியே வைத்திருப்பார்கள், எப்போதாவது பாதிரியார் வந்து உட்காருவார். யாராவது செத்துப்போனால் பெட்டியை அங்கே வைப்பார்கள். பாதிரியாருக்கும் பிணத்துக்கும் கடலைக் காட்டிவிட்டு, உயிரோடு நின்று ரொட்டி சுடுகிறவளுக்குப் பாறையைக் காட்டுகிற வீடு இந்த விரிகுடா முழுக்க இது ஒன்றுதான் என்பாள். கேட்டவர்களிடமும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

வீட்டைக் கட்டியவர் அவளுடைய கொள்ளுத்தாத்தா ஜோப் பார்டி. கட்டியது இங்கே இல்லை, எதிரே தெரிகிற ஃபாக்ஸ்டெயில் தீவில். ஜோப்பின் மகன் அசரையா அதன்மேல் மாடி எடுத்தார். அசரையாவின் மகன் யூரையா, அதாவது ட்ரிஃபீனாவின் அப்பா, பக்கத்தில் விறகுக் கொட்டகை சேர்த்தார். தீவில் இருந்தவரை வீடு ஒழுங்காகத்தான் நின்றது. முன்வாசல் தேவாலயத்தைப் பார்த்திருந்தது, அடுப்படி கடலைப் பார்த்திருந்தது. படகு நிலமுனையைச் சுற்றி வருவதைப் பார்த்ததும் பெண்கள் கெண்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மீன் அறுக்க இறங்குவார்கள். வீடு என்றால் அதற்குத்தானே.

பிறகு அரசாங்கம் தீவுகளைக் காலி செய்யச் சொன்னது. பெரிய கரைக்கு வாருங்கள், சாலை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார் என்றது. தீவுக்காரர்கள் வந்தார்கள். வீட்டை விட்டுவிட்டு யார் வருவார்கள்? வீட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். காலி எண்ணெய்ப் பீப்பாய்களைச் சுற்றிலும் கட்டி, கடல் பொங்கி ஏறும் நேரத்தில் தண்ணீரில் இறக்கி, மோட்டார் படகுகளால் இழுத்து வந்தார்கள். யூரையா தன் வீட்டை ஒரு சனிக்கிழமை காலை இறக்கினார். அம்மா டோர்கஸ் ஒரு கோழியைச் சாமான் அறைக்குள் மறந்துவிட்டாள். அது நடுக்கடலில் முட்டையிட்டது. அதைப் பற்றி ஊர் இன்றைக்கும் பேசும். வீடு திரும்பிப்போனதைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

அடுப்படிப் பக்கம் கடலைப் பார்த்திருந்ததால் அந்தப் பக்கம்தான் முதலில் தண்ணீரில் இறங்கியது. அதே பக்கம்தான் முன்னால் வந்து இந்தக் கரையை முட்டியது. மிதக்கிற வீட்டைத் திருப்புவது ஒரு வேலையே இல்லை, இரண்டு பேர் கழியால் தள்ளினால் வாத்து மாதிரித் திரும்பும். ஆனால் வழியில் காற்று எதிர்த்து அடித்ததில் கரை சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது, தண்ணீரும் வற்றத் தொடங்கிவிட்டது. யூரையா ஓய்வுநாளை மீறாத கண்டிப்பான மெதடிஸ்ட் கிறிஸ்தவர். ஞாயிறு பிறந்துவிட்டால் கயிற்றில் கை வைக்கமாட்டார், வைக்கவும் விடமாட்டார். ஞாயிறு பிறக்க இன்னும் நேரம் கிடந்தது. திருப்பப் போய்த் தாமதமாகி, பாதி ஏற்றிய வீட்டோடு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தார்.

"முதல்ல மேல ஏத்துங்க. திங்கக்கிழமை திருப்பிக்கலாம்," என்றார்.

திங்கட்கிழமை மீன் வந்துவிட்டது. கரையெல்லாம் காட் மீன். ஆண்கள் கடலுக்குப் போனார்கள். தரையில் உட்கார்ந்துவிட்ட வீட்டைத் திருப்ப ஊரே வேண்டும், ஊரோ படகில் இருந்தது. மீன் முடிந்தால் காயப்போடுகிற வேலை, அது முடிந்தால் பனி, பனி உருகினால் மறுபடி மீன். டோர்கஸ் சாகும்வரை பாறையைப் பார்த்தபடி உருளைக்கிழங்கு உரித்தாள். அவள் பெட்டியை முன்வாசல் வழியாக வெளியே எடுத்தபோது, "இந்த வீட்டுலேர்ந்து அத்தை இன்னைக்குத்தான் நேரா கடலைப் பாத்துப் போறா," என்றான் செல்பி. யூரையாவின் தங்கை ஜெமைமாவின் மகன் அவன், ட்ரிஃபீனாவுக்கு அத்தை மகன். வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு ட்ரிஃபீனாவிடம் ஈரத் துணியால் அடி வாங்கினான்.

பிறகு பாறை ட்ரிஃபீனாவின் பங்குக்கு வந்தது. தம்பி கார்லண்ட் படித்து டொரண்டோவுக்குப் போய்விட்டான். அவள் லியாண்டர் கீப்பிங்கைக் கட்டினாள். அவன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, மாமனாரின் படகில் ஏறி, மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் அவன் எப்போது வருவான் என்பது மட்டும் அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், மாவுக் கையோடு வெளியே ஓடி, பாறைக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து கடலைப் பார்க்க வேண்டும். படகு இருக்காது. திரும்பி ஓடினால் ரொட்டி கருகியிருக்கும். மறுபடி வந்து பார்ப்பாள், இருக்காது. மூன்றாம் முறை, போகட்டும் என்று உட்காரும்போது, காலணிச் சேற்றோடு கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பான்.

"டீ இல்லையா, ட்ரிஃப்?" என்பான்.

"நீ வர்றதைப் பாறை எனக்குச் சொல்லல," என்பாள் இவள்.

அப்படியே வருஷங்கள் போயின. அப்புறம்தான் அரசாங்கம் கடலைப் பூட்டியது. காட் மீன் அற்றுப்போயிற்று, இனிமேல் யாரும் பிடிக்கக் கூடாது என்று ஒரு கோடையில் சொல்லிவிட்டார்கள். படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்தார்கள். ஊரிலிருந்த ஆண்களெல்லாம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

லியாண்டர் அடுப்படியில் உட்கார்ந்தான். அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே, அவள் எந்த வேலைக்குத் திரும்பினாலும் இடிக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். பானை மூடியைத் திறந்து பார்த்தான். உப்பு போட்டாயா என்று கேட்டான்.

"இத்தனை வருசமா நீ எங்கன்னு தெரியாம தவிச்சேன்," என்றாள் அவள். "இப்ப எங்க திரும்பினாலும் நீதான் இருக்க. நடுவாந்தரமா ஒண்ணு கெடையாதா உனக்கு?"

"கடலைப் பூட்டினது நானா?"

"காலைத் தள்ளி வை. கரி எடுக்கணும்."

அந்த ஆகஸ்டில் அடுப்படித் தரை ஒரு மூலையில் இறங்க ஆரம்பித்தது. செல்பி வந்து வீட்டுக்கு அடியில் நுழைந்து, தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தான். பாறைப் பக்கத்து ஈரம் கீழ் உத்தரத்தைத் தின்றுவிட்டது, வீட்டைத் தூக்கித்தான் மாற்ற வேண்டும், பனிக்கு முன்னால் மாற்றாவிட்டால் அடுப்படி பாறைக்குள் போய்விடும் என்றான்.

"தூக்கணுமா?" என்றாள் ட்ரிஃபீனா. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப திருப்பவும் செய்யலாம்."

செல்பி லியாண்டரைப் பார்த்தான். லியாண்டர் கூரையைப் பார்த்தான்.

"ஆள் வேணுமே, ட்ரிஃபி," என்றான் செல்பி.

"ஆளா? ஊர்ல அத்தனை பேரும் பொண்டாட்டி காலைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கான். மீன் வந்துருச்சுன்னு சொல்லு பாப்போம். சொல்லு."

அத்தனை வருஷமும் கைகொடுத்த சாக்கு அந்தக் கோடையில் தீர்ந்துபோயிருந்தது. விரிகுடாவைச் சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் செய்தி போனது. வேறு வேலை இல்லாததால் எல்லோரும் வருகிறேன் என்றார்கள்.

டொரண்டோவுக்கும் செய்தி போனது. கார்லண்ட் போன் செய்தான்.

"அக்கா, வீட்டைத் தொடாத. நான் எழுதிப் போட்டிருக்கேன்."

"எங்க எழுதிப் போட்ட?"

"செயின்ட் ஜான்ஸ் பட்டணத்துல. பழைய வீடுகளுக்குப் பித்தளைத் தகடு குடுக்கிற வாரியம். நாலு தலைமுறை ஒரே குடும்பம், கடல்ல மிதந்து வந்த வீடு. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா வெளிப்பக்கம் எதையும் மாத்தக் கூடாது."

"நான் எதையும் மாத்தலடா. அப்படியே திருப்பி வைக்கிறேன்."

"அதுதான் மாத்துறது. அது முகப்பு, அக்கா. கடலைப் பாத்த முகப்பு."

"அந்த முகப்புல ஒரு படிக்கட்டு உண்டா? கதவைத் திறந்தா ஆளுயரப் பள்ளம். பொணத்தைத் தவிர யாரும் அந்த வழியாப் போனதில்ல."

"பாதி வீடு எனக்கும் உண்டு. அப்பா சொல்லிட்டுத்தான் போனார்."

"சரி. உன் பாதி அப்படியே நிக்கட்டும். என் பாதியை நான் திருப்பிக்கிறேன்."

போனை வைத்ததும் மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த செல்பி, "மேல்பாதி யாருது, கீழ்ப்பாதி யாருது? அதைத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் கயித்தை எங்க கட்டறதுன்னு சொல்ல முடியும்," என்றான். லியாண்டர் சிரித்தான். அவள் பார்த்த பார்வையில் இரண்டு பேரும் விறகு பிளக்கப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து ரோவெனா என்ற பெண் வந்தாள். சின்னப் பெண், மரியாதை தெரிந்தவள், ஆனால் ஒரு வார்த்தை பேச வேண்டுமானாலும் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொள்வாள். வீட்டை நாலு பக்கமும் படம் எடுத்தாள். பாறைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தபோது கோட்டு கிழிந்தது. அதற்கும் ட்ரிஃபீனா, "பாத்தியா," என்றாள். அடுப்படியில் உட்காரவைத்து, சூடான ரொட்டியும் பார்ட்ரிட்ஜ்பெரி ஜாமும் கொடுத்த பிறகு ரோவெனா தான் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினாள்.

"அலைகளுக்கு அஞ்சாமல் கடலை எதிர்கொண்டு நிற்கும் இம்முகப்பு, கடலோடு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மனத்தைக் காட்டுகிறது."

ட்ரிஃபீனா ஜாம் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

"மனசைக் காட்டல, தாயி," என்றாள். "எங்கப்பா அவசரத்தைக் காட்டுது. சனிக்கிழமை சாயங்காலம், தண்ணி வத்துது, ஞாயிறு வருது. அவ்வளவுதான்."

"ஆனா இப்பவே பல வருசமா இப்படித்தானே நிக்குது. அதுவும் அதோட சரித்திரம்தானே, அத்தை."

"தப்பா நின்னா அதுக்கும் சரித்திரம்னு பேரா? அப்படின்னா எங்கம்மா இடுப்பு வலியையும் சேத்து எழுதிக்க. இந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு வந்தது."

அதோடு விடவில்லை. லியாண்டரை எழுப்பி, படகைத் தள்ளச் சொல்லி, ரோவெனாவைத் தீவுக்கே கூட்டிப்போனாள். வீடு நின்ற இடத்தில் கல் அடித்தளம் அப்படியே புல்லுக்குள் கிடந்தது. அடுப்பு நின்ற பெரிய பலகைக்கல் கடல் பக்கம் இருந்தது. கரையிலிருந்து ஏறுகிற பாதை நேராக அந்தப் பக்கத்து வாசல் கல்லுக்கு வந்து முடிந்தது. ட்ரிஃபீனா பலகைக்கல்லின் மேல் ஏறி நின்று முனையைக் காட்டினாள்.

"இங்கேர்ந்து பாரு. படகு வருதா?"

"இப்ப படகு எதுவும் இல்லையே, அத்தை."

"வந்தா தெரியுமா தெரியாதா?"

"தெரியும்," என்றாள் ரோவெனா. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? ஒரு வீட்டைப் பழையபடி வைப்பது மாற்றுவதாகுமா, திருத்துவதாகுமா என்று அவளால் தனியாகச் சொல்ல முடியாது, வாரியம் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாள்.

"எப்பக் கூடும்?"

"நவம்பர்ல."

"நவம்பர்ல தரை இரும்பாயிடும். அடுப்படி அதுக்குள்ள பாறைக்குள்ள போயிடும்." ட்ரிஃபீனா கல்லிலிருந்து இறங்கினாள். "உங்க வாரியம் நிதானமா உக்காரட்டும். என் வீடு சனிக்கிழமை எந்திரிக்கும்."

படகில் திரும்பி வரும்போது லியாண்டர் மெதுவாகச் சொன்னான். "மீன் இல்லாத கடலைப் பாக்கறதுக்கா இவ்வளவு பாடு, ட்ரிஃப்?"

"எனக்கு மீன் தெரிய வேண்டாம்," என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை ஆறேழு ஊர்களிலிருந்து ஜனம் வந்துவிட்டது. முந்தைய நாட்களில் செல்பி ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கி, கீழ் உத்தரத்தை மாற்றி, தோல் உரித்த மரங்களுக்குக் கொழுப்புத் தடவி அடியில் பரப்பியிருந்தான். வீட்டைச் சுற்றிக் கனத்த கயிறு. கயிற்றின் நீளத்துக்கும் ஆண்களும் பெண்களும் நின்றார்கள். ஒரு மேடான கல்லில் ஏறி நின்று செல்பி பாட்டு எடுத்தான். யார் வீட்டுப் பன்றி யார் வீட்டுக்குள் போனது என்று ஒவ்வொரு அடியாகக் கட்டிக்கொண்டே போவான். அடியின் முடிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு இழுப்பு. முதல் இழுப்பில் வீடு முனகியது. மூன்றாவதில் நகர்ந்தது.

மதியம் வீடு சரி பாதி திரும்பி, பக்கவாட்டில் நின்றது. எல்லோரும் பெரிய பானையைச் சுற்றி உட்கார்ந்து உப்பு மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் பட்டாணிக் களியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கார்லண்டும் ரோவெனாவும் இறங்கினார்கள். அவன் விமானம் ஏறி, தகடு ஆணியடிப்பதைப் பார்க்க வந்தவன்போலக் கோட்டு, பளபளக்கிற காலணி எல்லாம் போட்டிருந்தான். வீட்டைப் பார்த்தான். அது அவனுக்குத் தோளைக் காட்டி நின்றது.

"அக்கா, என்ன பண்ணி வச்சிருக்க?"

"இன்னும் பண்ணி முடிக்கல. சாப்பிட்டியா?"

"நிறுத்து. இப்பவே நிறுத்து. இதுக்கு நான் சம்மதிக்கல."

"இப்ப நிறுத்தினா பக்கவாட்டுல நிக்கும். உனக்கும் இல்லாம எனக்கும் இல்லாம. அதுதான் வேணுமா?"

கார்லண்ட் வாயைத் திறப்பதற்குள் செல்பி கல்மேல் ஏறிவிட்டான். ஜனம் கயிற்றைப் பிடித்தது. அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கயிறு இழுக்கிற இடத்தில் யாரும் சும்மா நிற்கக் கூடாது. பாதிரியாரானாலும் இழுப்பார், எதிரியானாலும் இழுப்பான். கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றவனுக்கு அப்புறம் எந்த வீட்டிலும் கதவு திறக்காது. கார்லண்ட் கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நின்றான்.

செல்பி பாட்டை நிறுத்தினான். "கார்லண்ட் தம்பி, பையில என்ன தேடுற? டொரண்டோவா?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கயிற்றைப் பிடித்தபடியே அவனைப் பார்த்தார்கள். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹுல்டா கிழவி ஒரு கையால் பிடித்திருந்தாள், அவளும் பார்த்தாள். அதற்குள் ரோவெனா போய்க் கயிற்றின் கடைசியைப் பிடித்துவிட்டாள்.

"நீ வாரியத்து ஆளாச்சே," என்றான் கார்லண்ட்.

"இன்னைக்கு சனிக்கிழமை, லீவு," என்றாள் அவள்.

கார்லண்ட் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தான். அக்காவுக்குப் பின்னால் வந்து பிடித்தான். இழுத்தான். முதல் இழுப்பிலேயே காலணி வழுக்கி உட்கார்ந்தான், எழுந்து மறுபடி இழுத்தான். "எனக்குக் கோவம்தான்," என்று அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே இழுத்தான். "தெரியுது, குதிகாலை ஊனு," என்றாள் அவள். பொழுது சாய்வதற்குள் அடுப்படி கடலைப் பார்த்துவிட்டது.

பித்தளைத் தகடு அடுத்த வசந்தத்தில் தபாலில் வந்தது. வாரியம் கூடி எதையோ முடிவு செய்திருந்தது. அலைகளுக்கு அஞ்சாத முகப்பு என்று பழைய வாசகமே அதில் இருந்தது. லியாண்டர் அதை முன்வாசல் பக்கத்தில் ஆணியடித்தான். முன்வாசல் இப்போது பாறையைப் பார்க்கிறது. அதனால் அதைப் படித்துச் சிரிக்கக்கூட ஆள் இல்லை.

அது பிறகு. திருப்பிய வாரத்திலேயே ட்ரிஃபீனா ஜன்னல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டாள். மறுநாள் காலை அதில் லியாண்டர் உட்கார்ந்திருந்தான். நாள் முழுக்க உட்கார்ந்து கடலைப் பார்த்தான். அவள் அவன் பின்னந்தலையைப் பார்த்தாள். கடலிலும் ஒன்றுமில்லை, கடற்காகம்தான் பறந்தது. ஒரு படகு இல்லை.

நாலாம் நாள் பொறுமை போயிற்று. "குளிருக்கு விறகு வேணும். தீவுக்குப் போய் வெட்டிக்கிட்டு வா," என்றாள்.

"கொட்டகை நெறைய இருக்கே."

"இன்னும் வேணும். போ."

போனான். அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்தாள், உருளைக்கிழங்கு உரித்தாள், எல்லாம் ஜன்னலுக்கு நேரே நின்று செய்தாள். மத்தியானம் காற்று கிளம்பியது. அவள் வெளியே ஓடவில்லை. இருந்த இடத்திலேயே தலையை நிமிர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் முனையில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு அது படகாயிற்று, படகுக்குள் விறகும் அவன் தொப்பியும் தெரிந்தன. அவள் கெண்டியை ஏற்றினாள். அவசரமே இல்லாமல் ஏற்றினாள். ரொட்டியை வெட்டினாள், டீயை வடித்தாள், அவன் கயிற்றைத் துறையில் கட்டுவதைப் பார்த்தாள். கோப்பையை மேஜையில் வைத்தாள்.

லியாண்டர் வரவில்லை. துறையில் கவிழ்த்து வைத்த மீன் தொட்டியின்மேல் உட்கார்ந்தான். எங்கிருந்தோ செல்பி வந்து எதிர்த் தொட்டியில் உட்கார்ந்தான். புகையிலையை எடுத்தார்கள். செல்பி கையை ஆட்டி ஏதோ கதை சொன்னான். லியாண்டர் தொடையில் தட்டிச் சிரித்தான். இன்னொரு சுருட்டு சுற்றினார்கள். டீயின்மேல் ஆடை படிந்தது.

ட்ரிஃபீனா சால்வையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவள் வருவதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. துறையில் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துப் பழக்கமில்லை.

"இத்தனை வருசமும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

லியாண்டர் எழுந்து தொப்பியைக் கழற்றிவிட்டான். செல்பியைப் பார்த்தான்.

"அப்படியெல்லாம் இல்ல, ட்ரிஃபி," என்றான் செல்பி. "மழை பேஞ்சா கொட்டகைக்குள்ள உக்காருவோம்."